புள்ளி கேட்கிற பெட்டி

சாத்தூரில் காராச்சேவுக் கடை வைத்திருக்கும் குருவையாவின் வீட்டுக்கு, மகள் அனுசுயாவின் கல்யாணச் சீருக்கென்று வாங்கின எச்.டி. டிவி வந்து இறங்கிய அன்றைக்கு, அதைப் பிரிக்காமல் அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் முறை என்று குருவையா சொன்னார், ஓடுகிறதா ஓடவில்லையா என்று பார்க்காமல் பெண்ணோடு அனுப்பிவிட்டு நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் யார் கேட்டுக்கொண்டு நிற்பது என்று அவர் மனைவி மாரிக்கனி சொன்னாள், அந்த வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொன்னால் மாரிக்கனி சொன்னதுதான் நடக்கும் என்பதால் டிவி பிரிக்கப்பட்டது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு அது நின்றது. முதன்முதலில் மங்களகரமாக எதையாவது போடுங்கள் என்று எதிர்வீட்டு ராஜாமணி டீச்சர் சொல்ல, மாரிக்கனி பீரோவைத் திறந்து தன்னுடைய கல்யாண சிடியை எடுத்து வந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது ஆதியில் கேசட்டாக இருந்து, பிறகு சிடியாக மாறியது. பழைய டிவி சின்னது, அதில் கல்யாணமும் சின்னதாகத் தெரிந்தது, குறை ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்தப் பெரிய டிவியில் போட்டதும் இத்தனை வருஷமாக ஒளிந்திருந்த மங்கல் எல்லாம் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மணமேடையில் இருப்பது மாரிக்கனியா மாவிளக்கா என்று தெரியவில்லை. குருவையாவுக்கு மீசை இருந்ததற்கே அத்தாட்சி இல்லை.

"இதுக்கா இம்மாம் பெரிய டிவி?" என்றார் குருவையா.

மாரிக்கனியின் கண் தன் மேலும் இல்லை, புருஷன் மேலும் இல்லை. தாலி கட்டுகிற இடத்தில், இடது பக்கம், வாழைமரம் கட்டிய தூணுக்குப் பின்னால் வெளிர்நீலத்தில் ஒரு தீற்றல் தெரியும். வீடியோக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு ரோஜாப்பூவுக்குள் போட்டுச் சுற்றவிட்டிருந்ததால், இதழுக்கும் தூணுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அது வந்து போகும். அவளுடைய அண்ணன் சங்கரபாண்டி அன்றைக்குப் போட்டிருந்தது வெளிர்நீலச் சட்டை. அந்தத் தீற்றல் அண்ணனா, இல்லை சமையல்காரர்கள் கொண்டு வந்து வைத்த தண்ணீர் டிரம்மா என்ற ஒரு கேள்வியில்தான் ஒரு குடும்பம் இரண்டாகப் போயிருந்தது.

நடந்தது இதுதான். கெட்டிமேளம் கொட்டியபோது, குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய மாரிக்கனி ஒரு நொடி நிமிர்ந்து அண்ணன் முகத்தைத் தேடினாள். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் இருந்தார்கள், ஆகாத சித்தப்பா இருந்தார், கூப்பிடாத சித்தப்பாவும் இருந்தார், கூடப் பிறந்தவர் மட்டும் இல்லை. அத்தனை கைகளிலிருந்தும் அட்சதை விழுந்தது, அவர் கையிலிருந்து விழவில்லை. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவதி வந்து, உங்க அண்ணன் முதல் பந்தியில உட்கார்ந்து சாம்பாருக்குக் குழி வெட்டிக்கிட்டு இருந்தாரு என்று காதில் போட்டுவிட்டுப் போனாள். மறுவீட்டு விருந்தில் நாலு பேர் முன்னால் மாரிக்கனி கேட்டாள், தங்கச்சி கழுத்துல தாலி ஏறறதைவிட சோறு பெருசாப் போச்சா என்று. நான் தூணுகிட்டதான் நின்னேன் என்றார் அவர். பொய் சொல்றீக என்றாள் இவள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறியவர்தான், அதற்குப் பிறகு அனுசுயா பிறந்து, காது குத்தி, படித்து, வேலைக்கும் போய், இப்போது கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது, அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை.

இதோ தை மாதம் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் எப்படி மணமேடை ஏறும்? ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்து நிற்க வைத்துவிடலாம் என்று மாரிக்கனி திட்டம் போட்டிருந்தாள். அனுசுயா ஒப்புக்கொள்ளவில்லை.

"எனக்குச் சொந்த மாமாவே இருக்கும்போது வாடகை மாமா எதுக்கும்மா?"

"தூணுகிட்ட நின்னாருன்னு காட்டு. நானே தாம்பாளத்தை எடுத்துக்கிட்டுப் போய்க் கூப்பிடறேன். நிக்கலைன்னா இந்த ஜென்மத்துக்கு இல்லை."

அதை அனுசுயா பிடித்துக்கொண்டாள். அப்ஸ்கேலிங் பிளேயர் என்று ஒன்று இருக்கிறது, பழைய சிடியைப் போட்டாலும் பெரிய டிவிக்குத் தக்கபடி தெளிவாக்கிக் காட்டும், படத்தில் இல்லாத புள்ளிகளை அதுவே நிரப்பிக்கொள்ளும் என்றாள்.

"இல்லாததை எப்படிடீ நிரப்பும்?"

"பக்கத்துல இருக்கறதைப் பார்த்து ஊகிச்சு நிரப்பும்."

"பக்கத்துல இருக்கறதைப் பார்த்து ஊகிக்கறதுக்கு இந்தத் தெருவே இருக்கு, மெஷின் எதுக்கு?" என்றாள் மாரிக்கனி. சொன்னாளே தவிர, சாயங்காலமே புருஷனைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் பால்துரையின் கடைக்குப் போய்விட்டாள்.

பால்துரை எதை விற்றாலும் தன் பெண்ணைக் கட்டிக் கொடுப்பது போலக் கண் கலங்கி விற்கிற ஆள். உருக்கமாக மூன்று பிளேயர்களைக் காட்டினார். ஒவ்வொன்றாகக் கொண்டு போங்க, போட்டுப் பாருங்க, மனசுக்குப் பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க அக்கா என்றார்.

முதல் பிளேயர் நல்ல குணம் உடையது, யாரையும் நோகடிக்காது. புள்ளி இல்லாத இடத்தில் பக்கத்துப் புள்ளியையே இழுத்துத் தடவிவிட்டது. கல்யாணத்துக்கு வந்த மொத்தக் கூட்டமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிற நேரத்தில் படம் பிடித்தது போல வழவழவென்று இருந்தது. தீற்றல் வழவழப்பான தீற்றலாக ஆனது, அவ்வளவுதான்.

இரண்டாவது பிளேயர் கறாரானது. எது கண்ணில் பட்டாலும் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு போட்டது. குருவையாவுக்கு மூக்கைச் சுற்றிக் கோடு, காதைச் சுற்றிக் கோடு, நாதஸ்வரக்காரரின் கன்னத்தைச் சுற்றி இரண்டு கோடு. தீற்றலுக்கும் கோடு போட்டது. கோடு போட்ட பிறகு அது அண்ணனைப் போலவும் இருந்தது, டிரம்மைப் போலவும் இருந்தது, சங்கரபாண்டி கட்சியில் அனுசுயாவும் டிரம் கட்சியில் குருவையாவும் சேர்ந்துகொண்டு ராத்திரிச் சோறு ஆறுகிற வரைக்கும் வாதாடினார்கள்.

மூன்றாவது பிளேயருக்குக் கம்பெனி பெயர் கிடையாது. அம்மிக்கல் கனம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. அதைக் கொடுக்கும்போது மட்டும் பால்துரை கண் கலங்கவில்லை, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"இது ஊகிக்காதுக்கா. பொய்யாப் புள்ளி வைக்கறது இதுக்குப் பிடிக்காது. உண்மையான புள்ளியாத்தான் வைக்கும். ஆனா உண்மையான புள்ளி எங்கிருந்தாவது வரணும் பாருங்க. பார்க்கிறவங்க கிட்ட கேட்டு வாங்கிக்கிடும்."

"கொடுத்தது திரும்ப வருமா?" என்றாள் மாரிக்கனி. சேவுக் கடைக்காரர் பெண்டாட்டி அல்லவா, அதைத்தான் முதலில் கேட்டாள்.

"ஊறும். கிணத்துத் தண்ணி மாதிரி மெதுவா ஊறும். அள்ளின அளவைப் பொறுத்து."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, ராஜாமணி டீச்சரும் வந்து உட்கார்ந்த பிறகு, மூன்றாவது பிளேயரில் சிடியைப் போட்டார்கள். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மாப்பிள்ளைக் குருவையாவின் உதட்டுக்கு மேலே ஒரு மீசை வந்தது, ஒவ்வொரு முடியாக, எண்ணலாம் போல வந்தது. அது வரவர, நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த குருவையாவின் மீசை, ஈரத் துணியால் துடைத்த கரிக்கோடு மாதிரி, ஓரம் கலைந்து, கன்னத்தோடு கலந்து நின்றது. திரையில் பந்தலின் ஜரிகைத் தோரணம் பளிச்சென்று ஆனது, டீச்சர் கட்டியிருந்த சேலையின் கரை காணாமல் போனது. மேடைச் சுவரின் பச்சை வந்தது, கூடத்துச் சுவரின் பச்சை போனது.

"மீசையைக் கேட்டுச்சு, கொடுத்தேன்," என்றார் குருவையா, தடவிப் பார்த்துக்கொண்டே. "என் மீசை என் மூஞ்சிக்குத்தானே போகுது. வேற வீட்டுக்கா போகுது?"

விஷயம் தெருவுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை. முதலில் பயம் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் ராஜாமணி டீச்சர் பால் வாங்க வெளியே வந்தபோது, சேலைக் கரையோடு சேர்ந்து அவர் நெற்றிச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் போயிருந்ததைப் பெண்கள் பார்த்தார்கள். ரிட்டையர் ஆன மனுஷி, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி, புகை போட்ட போட்டோவில் இருக்கிற மாதிரி, மென்மையாக வாசலில் நின்றார். அதோடு பயம் போயிற்று. மத்தியானம் மாரிக்கனி வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. ஆளுக்கொரு சிடியைக் கொண்டு வந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஒருத்தி ஒன்றும் கிடைக்காமல் யாரோ ஊர்க்காரர் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த சிடியைக் கொண்டு வந்து, இதையாவது போடுங்க, என் கன்னத்துல இந்த மங்கு போகணும் என்று கெஞ்சினாள்.

தெரு பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை. பால்காரர் முகத்தைப் பார்த்து ஊற்றுவதை விட்டுச் சொம்பைப் பார்த்து ஊற்றத் தொடங்கினார். பிள்ளைகள் அம்மாவைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தன, திட்டுகிற குரல் மங்குவதில்லை. குருவையாவுக்குச் சவரம் செய்யப் போன கடையில், அண்ணாச்சி, எது மீசை எது காத்துன்னு தெரியலை, ஊறின பிறகு வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். ஸ்டுடியோக்காரர் லென்ஸைத் துடைத்துத் துடைத்து வெறுத்துப்போய், இங்கே கலைநயமாகவும் படம் எடுக்கப்படும் என்று போர்டு எழுதி வைத்துவிட்டார். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பார்த்து மங்கியதில் யார் மாமியார் யார் மருமகள் என்று தெரியாமல், கொஞ்ச நாள் சண்டையே இல்லாமல் இருந்தது. சமைக்கிற அன்றைக்குப் பார்க்கக் கூடாது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பார்க்கக் கூடாது, பெண் பார்க்க வருகிறதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும் என்று சட்டங்கள் தானாக உண்டாயின. இவ்வளவு கூட்டத்தில், புள்ளிக்குப் பஞ்சமில்லாமல், மாரிக்கனியின் கல்யாணம் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. சந்தனத்தில் விழுந்த கொசு தெரிந்தது. மண்டபத்துக் காவலாளி எடுத்துவிட்டார் என்று ஊரே பேசிய பன்னீர்ச்செம்பை குருவையாவின் அத்தை பைக்குள் விடுவது தெரிந்தது. ரோஜாப்பூவே பொறுக்காமல் இதழ் இதழாக விலகி வழிவிட்டது.

தீற்றல் மட்டும் தீற்றலாகவே இருந்தது.

சட்டை தெரிந்தது, அது டெரிகாட்டன் சட்டை என்று தெரிந்தது, ஆகவே டிரம் இல்லை என்று குருவையா கட்சி தோற்றது. ஆனால் சட்டைக்கு மேலே முகம் வரவில்லை. தெருவில் இருக்கிற முகம் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்து பார்த்தும், அந்தப் பெட்டி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பால்துரை வந்து பார்த்துவிட்டு, இது இரத்த சொந்தம் பார்க்குது அக்கா என்றார்.

மாரிக்கனி கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, டிவிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தாள். பெட்டி கேட்டது, அவள் கொடுத்தாள். சட்டைக்கு மேலே வெட்டவெளியில் ஒரு மூக்கு வந்து நின்றது. அவளுடைய மூக்கு. நுனியில் லேசாகக் கிளி மாதிரி வளைந்த, அவள் அப்பாவிடமிருந்து வந்த மூக்கு. அனுசுயா ஓடி வந்து அம்மாவைப் பார்த்தாள், அம்மா முகத்தில் மூக்குத்தி அந்தரத்தில் நின்றது.

"மூக்கைப் பாரும்மா, மாமாதான்," என்றாள்.

"இந்த மூக்கு எங்க பெரியப்பாவுக்கு இருக்கு, சித்தப்பாவுக்கு இருக்கு, அவங்க பிள்ளைகளுக்கெல்லாம் இருக்கு. எங்க வம்சத்துல பாதிப் பேர் இந்த மூக்கோடதான் அன்னைக்கு மண்டபத்துல அலைஞ்சாங்க. மூக்கை வச்சு என்ன செய்ய?"

இத்தனை வருஷம் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை, அந்தத் தூணுக்குப் பின்னால் அவர் இருந்திருக்க வேண்டுமே என்ற தவிப்பு, அது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. புடவை முந்தானையால் மூக்கு இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு புருஷனைக் கூப்பிட்டு, கோவில்பட்டிக்குப் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். தாம்பாளம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, குங்குமம் கூடாது, பத்திரிகையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "கல்யாணத்துக்குக் கூப்பிடலை. டிவி பார்க்கக் கூப்பிடறோம். அதைத் தெளிவாச் சொல்லுங்க."

குருவையா போய் அதைத் தெளிவாகச் சொன்னார். உர மூட்டைக் கடையில் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டி, மீசை கலைந்து கிடந்த மைத்துனரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயே டிவி இருக்கே மாப்ளே" என்றார். இது அந்த டிவி இல்லை மச்சான் என்று குருவையா எல்லாவற்றையும் விளக்கினார். தூண் என்ற வார்த்தை வந்ததும் சங்கரபாண்டியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து உள்ளே போனார், வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு பை நிறையக் கடலைமிட்டாய் இருந்தது.

அவர் வாசலில் வந்து நின்றதும் மாரிக்கனி, "வாங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அவர் "ம்" என்றார். தாயி என்று சொல்லவில்லை. தலை நரைத்து, வயிறு ஒட்டி, ஆள் பாதியாக இருந்தார். கடலைமிட்டாய் டீச்சர் கைக்குப் போயிற்று, தெருவே வாசலிலும் ஜன்னலிலும் நின்றது, டிவி போடப்பட்டது.

கெட்டிமேளம் நெருங்கியபோது சங்கரபாண்டி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மாப்ளே, நிறுத்துங்க. நான் நிக்கலைன்னே வச்சுக்கிடுங்க. அதுவே போதும்."

"அதெப்படி, இத்தனை வருஷம் நின்னேன் நின்னேன்னு சொன்னீகளே," என்றாள் மாரிக்கனி. "நில்லுங்க, பார்த்துருவோம்."

பெட்டி கேட்டது. அது கேட்பதை மறுக்கவும் செய்யலாம், கண்ணை வேறு பக்கம் திருப்பினால் போதும், தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் வழியிலேயே குருவையா சொல்லியிருந்தார். சங்கரபாண்டி கண்ணைத் திருப்பவில்லை. தங்கையை ஒரு தடவை பார்த்தார், மூக்கில்லாத அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய காதோரம் முதலில் மங்கியது, பிறகு புருவம், பிறகு கன்னம், நரைத்த தலை புகை மாதிரி ஆனது, அவர் மங்க மங்கத் தூணுக்குப் பின்னால் வெளிர்நீலச் சட்டை மேல் ஒரு முகம் எழும்பி வந்தது. இருபத்தைந்து வயசுச் சங்கரபாண்டி. வாரிவிட்ட கிராப்பு. வலது கன்னம் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியிருந்தது.

"என்ன மச்சான், பல்வலியா?" என்றார் குருவையா.

"வடை," என்றது நாற்காலியில் இருந்த மங்கல்.

முழுங்கவும் நேரமில்லாமல், துப்பவும் இடமில்லாமல், வாயில் வடையோடு நின்ற அந்த ஆளின் கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. படம் இன்னும் தெளிந்தது. முதுகுக்குப் பின்னால் வலது கையை மறைத்து வைத்திருந்தார், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சாம்பார்ச் சோறு அப்பியிருந்தது, சட்டையில் படாமல் இருக்கத் தள்ளிப் பிடித்திருந்தார். இடது கையில் ஒரு பிடி அட்சதை. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போனது, எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் எச்சில் கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். இடது கையைத் தோள் வரை தூக்கினார், பீச்சாங்கையால் தங்கச்சிக்கு அட்சதை போடுவதா என்று இறக்கிக்கொண்டார். விரல் இடுக்கில் மஞ்சள் அரிசி ஒன்றிரண்டாகத் தரையில் உதிர்ந்தது. பிறகு ரோஜாப்பூ வந்து மூடிவிட்டது.

ராஜாமணி டீச்சர் வாயில் போட்ட கடலைமிட்டாயைக் கடிக்காமல் வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல ஒரு பெரியவரு," என்றார் சங்கரபாண்டி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, இப்பவே இலை போடுங்கன்னு நின்னாரு. போட்டாச்சு. பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தர் கூட உட்கார்ந்தாத்தான் கை நனைப்பேன்னாரு. அப்பா என்னைய உட்காரச் சொன்னாரு. முகூர்த்தத்துக்கு நேரம் இருக்குன்னு நினைச்சேன். சோத்தைப் பிசையறேன், மேளம் கேக்குது. கை கழுவப் போனா தாலி ஏறிரும். அப்படியே ஓடி வந்தேன்."

"அது எங்க சித்தப்பாவால்ல இருக்கும்," என்றார் குருவையா. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை, ஆகவே அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்றாள் மாரிக்கனி.

"நாலு பேருக்கு முன்னால சோறு பெருசாப் போச்சான்னு கேட்ட. எச்சிக் கையோட நின்னேன்னு எப்படிச் சொல்ல? பந்தியில இருந்தேன்னு சொன்னா நின்னது பொய்யாகும். நின்னேன்னு மட்டும் சொன்னேன்."

அவர் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை, அவ்வளவு மங்கியிருந்தார். மாரிக்கனி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், மேலே கல்யாணப் பத்திரிகை வைத்து எடுத்து வந்தாள். நாற்காலியில் கலங்கலாக இருந்த இடத்துக்கு முன்னால் நின்று, "அண்ணே, எம்மகளுக்குக் கல்யாணம், நீங்கதான் வந்து மாலை போடணும்" என்றாள். புகையிலிருந்து இரண்டு கைகள் வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டன. அனுசுயா இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிளேயர் விஷயம் பிறகு எளிதாக முடிந்தது. அனுசுயாவின் சீரில் வைக்க, யாரையும் நோகடிக்காத அந்த முதல் பிளேயரையே மாரிக்கனி தேர்ந்தெடுத்தாள், புதுப் பெண்ணுக்கு அதுதான் நல்லது என்றாள். இரண்டாவது பால்துரைக்கே திரும்பிப் போயிற்று. மூன்றாவதைத் திருப்பிக் கொடுக்கத் தெருப் பெண்கள் விடவில்லை, அது இப்போது டீச்சர் வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

மற்றவர்களுக்கெல்லாம் ஊறிவிட்டது. குருவையாவுக்கு மீசை வந்தது, மாரிக்கனிக்கு மூக்கு வந்தது. சங்கரபாண்டிக்குத் தை பிறந்தும் ஊறவில்லை, அவர் அள்ளிக் கொடுத்தது அப்படி. பட்டு வேட்டியும் தோளில் துண்டும் தெளிவாக இருக்க, மேலே வெறும் புகையாக அவர் மண்டபத்துக்கு வந்தார். அனுசுயாவுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, ஒருத்தர் மட்டும் ஃபோகஸ் ஆக மாட்டேங்கறாரு என்றார்.

"அவரு எங்க அண்ணன். அப்படியே எடுங்க," என்றாள் மாரிக்கனி.

முகூர்த்தம் நெருங்கியது. மாரிக்கனி அட்சதைத் தட்டோடு திரும்பினாள், பக்கத்தில் அண்ணனைக் காணவில்லை. பந்தியை எட்டிப் பார்த்தாள், மங்கலாக யாரும் அங்கே இல்லை. குருவையாவை ஏவ வாயைத் திறந்தபோது, கை கழுவுகிற குழாய்ப் பக்கமிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடி வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், எதற்குக் கழுவினார் என்று யாரும் கேட்கவில்லை. மாரிக்கனி ஒரு பிடி அட்சதையை எடுத்து அந்தப் புகைக்குள் நீட்டினாள். ஒரு வலது கை வாங்கிக்கொண்டது. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. சங்கரபாண்டி அனுசுயாவின் தலையைக் குறி வைத்து வீசினார். ஈரக் கை, பாதி அரிசிதான் போயிற்று, பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"தாயி, இது உன்னுது," என்று சொல்லி, ஒட்டியிருந்த மிச்சத்தைத் தங்கச்சியின் தலையில் வைத்துத் தேய்த்தார்.